சுவரில் ஒட்டியிருக்கும் அந்தப் பெரிய கறுப்புப் பூச்சி எது?

ஆனி மாதம் சாரல் பிடித்துவிட்டால், தென்காசிப் பக்கம் இருக்கும் எங்கள் ஆச்சி வீட்டுத் திண்ணைச் சுவரில் விடிகாலையில் ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளங்கையைவிட அகலம், கருகருவென்று நிறம், இரண்டு இறக்கையிலும் முறைத்துப் பார்ப்பதுபோல ஆளுக்கொரு கண். சின்ன வயதில் அதை வௌவால் குட்டி என்றே நினைத்திருந்தேன். துடைப்பத்தை எடுத்தால் ஆச்சி விடமாட்டார். "ஏலே, அடிக்காத. தாத்தா பாக்க வந்திருக்காவ" என்பார்.

ஆச்சியின் நம்பிக்கையால் எங்கள் வீட்டில் ஒரு பூச்சிகூட அடிபட்டுச் சாகவில்லை. அந்தப் பூச்சிக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியத்தான் பல வருடம் ஆனது. இப்போது மழைக்காலம் வந்தால் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, "இது என்னது, விஷமா, வீட்டில் இருக்கலாமா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். பூச்சியியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் அசையாமல் நின்று பார்க்கும் பொறுமை இருந்தால் போதும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இந்தக் கூட்டம் முழுவதையும் தமிழில் அந்துப்பூச்சி என்கிறோம். 'அந்து' என்றதும் அரிசி மூட்டையிலிருந்து கிளம்பும் சாம்பல் நிறக் குட்டிப் பூச்சிதான் பலருக்கு நினைவுக்கு வரும். அதனால் பெரியதைப் பார்த்தால், 'சின்னதே இவ்வளவு நாசம் செய்கிறதே, இது என்ன செய்யுமோ' என்று பயப்படுகிறார்கள். உண்மை நேர்மாறு. அரிசியில் விழுவது, கம்பளித் துணியை அரிப்பது, சுவரில் பூசணி விதைபோல ஒரு கூட்டை இழுத்துக்கொண்டு நகர்வது எல்லாம் இறக்கை விரித்தாலும் விரல் நுனி அளவைத் தாண்டாத சின்ன வகைகளின் வேலை. சுவரில் உட்கார்ந்திருக்கும் பெரியதற்கு உங்கள் அரிசியும் வேண்டாம், பட்டுப்புடவையும் வேண்டாம். விளக்கில் வந்து விழுவதால் விட்டில் என்றும் சொல்வோம். ஆனால் சில ஊர்களில் வெட்டுக்கிளிக்கும் அதே பெயர் இருக்கிறது. எனவே அந்துப்பூச்சி என்றே வைத்துக்கொள்வோம்.

நிறத்தை நம்ப வேண்டாம்

"கறுப்பா, பெருசா இருக்கு" என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். இதில் 'பெருசு' உதவும், 'கறுப்பு' உதவாது. ட்யூப்லைட் வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரிவது, காலையில் ஜன்னல் வெளிச்சம் விழும்போது சாக்லேட் பழுப்பாக இருக்கும். புதிதாகக் கூட்டை விட்டு வந்த பூச்சியில் ஊதாச் சாயல் மின்னும். இரண்டு வாரம் பறந்து அடிபட்ட பூச்சி வெளுத்துப்போய் ஓரமெல்லாம் கிழிந்து இருக்கும். ஒரே வகைதான், ஆனால் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு பூச்சி என்றே சொல்வீர்கள்.

அதனால் நான் முதலில் கேட்பது, "எப்படி உட்கார்ந்திருக்கிறது?" என்றுதான். நம் ஊர் வீடுகளுக்கு வரும் பெரிய கரும்பூச்சிகளில் பெரும்பாலானவற்றை இந்த ஒரு கேள்வியே பிரித்துக் கொடுத்துவிடும். நான்கு இறக்கையும் தெரிய, சுவரொட்டி ஒட்டியதுபோலத் தட்டையாக விரித்திருக்கிறதா? ஒடுங்கிய முன்னிறக்கைகளைப் பின்னால் சாய்த்து, ஜெட் விமானம் நிற்பதுபோல இருக்கிறதா? உடம்பின் மேல் ஓட்டுக்கூரை போலச் சரித்து, காய்ந்த இலை மாதிரி இருக்கிறதா? அல்லது இறக்கைகளை முதுகுக்கு மேல் செங்குத்தாக மூடியிருக்கிறதா? கடைசியாகச் சொன்னது என்றால், பெரும்பாலும் அது அந்துப்பூச்சியே இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

சுவரொட்டி மாதிரி விரித்திருப்பது

ஆச்சி வீட்டுத் திண்ணைக்கு வந்தது இதுதான். அறிவியல் பெயர் எரிபஸ் மேக்ராப்ஸ். எரிபஸ் என்றால் கிரேக்கத்தில் இருட்டு. இறக்கை முகத்தில் ஆந்தை விழிப்பதுபோல இருப்பதால் ஆங்கிலத்தில் ஆந்தையின் பெயரைச் சேர்த்தே கூப்பிடுகிறார்கள். நாமும் ஆந்தை அந்துப்பூச்சி என்று சொல்லலாம். இறக்கை விரிப்பு சுமார் 12 சென்டிமீட்டர் வரும். ஒரு தீப்பெட்டி நீளவாக்கில் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர். இரண்டு தீப்பெட்டியை வரிசையாக வைத்தாலும் அதைவிட இது அகலம்.

கொஞ்சம் கிட்டே போய் அந்தக் கண்ணைப் பாருங்கள். முன்னிறக்கை ஒவ்வொன்றிலும் ஒன்று இருக்கும். வெறும் வட்டம் இல்லை. செம்பழுப்பு வளையம், அதற்குள் கறுப்பு, அதற்குள் பிறை போல வளைந்த ஒரு நீலச் சாம்பல் பூச்சு. உயிருள்ள கண்ணில் வெளிச்சம் பட்டுத் தெறிக்குமே, அதே இடத்தில் அதே பளபளப்பு. நீங்கள் ஓரடி நகர்ந்தால் அந்தப் பளபளப்பும் நகரும். கண்ணை விட்டுவிட்டு மற்ற இடத்தைப் பார்த்தால், இறக்கை முழுவதும் அலை அலையாகக் கோடுகள். முன்னிறக்கையில் தொடங்கும் கோடு பின்னிறக்கையிலும் அப்படியே தொடரும். மரப்பட்டையில் உட்கார்ந்தால் எங்கே மரம் முடிகிறது, எங்கே பூச்சி தொடங்குகிறது என்றே தெரியாது. வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர்தான் அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஏன் வீட்டுக்கு வருகிறது? பகலில் அதற்கு இருட்டான, குளிர்ந்த, காற்றடிக்காத ஒரு மூலை வேண்டும். காட்டில் மரப்பொந்து, பாறை இடுக்கு. நம்மிடம் சன்ஷேடுக்கு அடி, மாடிப்படிக்குக் கீழ், மோட்டார் ரூம். அதன் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். இதன் புழு வேல மர இனங்களின் இலையைத் தின்று வளர்வது. எனவே பக்கத்தில் வேல மரங்கள் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். வளர்ந்த பூச்சி அழுகிய பழச்சாற்றையும் மரத்திலிருந்து வடியும் சாற்றையும் குடித்து வாழும். கலைத்தால் சத்தமே இல்லாமல் கனமாகப் படபடத்துப் போகும். என்னை வௌவால் என்று நினைக்க வைத்ததும் அந்தப் பறத்தல்தான். உண்மையில் வௌவால்தான் இதற்கு எதிரி. வௌவால் எழுப்பும், நம் காதுக்கு எட்டாத ஒலியைக் கேட்பதற்கென்றே இந்தக் குடும்பத்துப் பூச்சிகளுக்கு மார்புப் பக்கத்தில் காது இருக்கிறது.

இதே குடும்பத்தில் இன்னொன்று, கொஞ்சம் சிறியது, இறக்கையில் கண்ணுக்குப் பதிலாகக் காற்புள்ளி போலச் சுருண்ட குறி இருக்கும். அது ஸ்பைராமா. தீப்பெட்டியைவிடச் சற்றே அகலம்தான். வாட்ஸ்அப்பில் வரும் படங்களில் 'ஆந்தைப் பூச்சிக் குட்டி' என்று எழுதப்பட்டிருப்பது அநேகமாக இதுதான். பூச்சி இறக்கை முளைத்த பிறகு வளராது. சின்னதாக இருந்தால் அது வேறு வகை, குட்டி இல்லை.

ஜெட் விமானம் மாதிரி நிற்பது

இதைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு ஆசை அதிகம். ஒருநாள் இரவு எங்கள் வீட்டுக் குளியலறை வாளிக்குப் பின்னால் கீச் கீச்சென்று சத்தம். சுண்டெலி என்று நினைத்து டார்ச் அடித்தேன். எலி இல்லை. கட்டைவிரல் பருமனில் ஒரு பூச்சி. கரும்பழுப்பு முன்னிறக்கைகள் பின்னால் சாய்ந்து உடம்பை மூடியிருந்தன. வாளியை நகர்த்தியதும் உடம்பைத் தூக்கி, இறக்கையைப் பாதி திறந்து, மறுபடியும் கீச்சிட்டது. அப்போதுதான் உள்ளே மஞ்சள் தெரிந்தது. வயிற்றில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டைகள், தலைக்குப் பின்னால் முதுகில் வெளிர் நிறத்தில் ஒரு மண்டையோடு. இரண்டு கண் குழி, கீழே தாடை. யாரோ வரைந்ததுபோல.

இது பருந்து அந்துப்பூச்சிக் குடும்பம். அதில் மண்டையோட்டுப் பூச்சி. உலகத்தில் இதில் மூன்று வகைதான். ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் இருப்பது அகெரோன்டியா அட்ரோபாஸ். நம் பக்கம் இருப்பவை லேகெசிஸ், ஸ்டிக்ஸ் என்ற இரண்டு. பெயர் வைத்தவர்களும் பயந்துதான் வைத்திருக்கிறார்கள். கிரேக்கப் புராணத்தில் மனிதனின் ஆயுள் நூலை அளப்பவள் லேகெசிஸ், வெட்டுபவள் அட்ரோபாஸ். ஸ்டிக்ஸ் என்பது நம் வைதரணி போலச் செத்தவர்கள் கடக்க வேண்டிய ஆறு. பாவம், முதுகில் ஒரு புள்ளிக்கோலம் இருந்த காரணத்துக்காக இவ்வளவு பழி.

நம் ஊர் வகை இரண்டையும் பிரிக்க முன்னிறக்கை உதவாது. பின்னிறக்கையைப் பார்க்க வேண்டும். அடியிலிருந்தே கறுப்பு பரவி, மஞ்சள் கொஞ்சமாகத் தெரிந்தால் லேகெசிஸ். பெரும்பாலும் மஞ்சளாகவே இருந்து இரண்டு கரும்பட்டைகள் ஓடினால் ஸ்டிக்ஸ். அது பின்னிறக்கையை மூடியே வைத்திருக்கும் என்பதுதான் சிரமம். குச்சியால் நெம்பாதீர்கள். காத்திருங்கள், பறக்கத் தயாராகும்போது தானே காட்டும்.

அந்தக் கீச்சொலி எப்படி வருகிறது என்பது எனக்கு இன்னும் அதிசயமாகவே இருக்கிறது. பூச்சிகள் பொதுவாக இறக்கையையோ காலையோ உரசிச் சத்தம் எழுப்பும். இது காற்றை வாய்வழியாக உறிஞ்சுகிறது, தொண்டைக்குள் இருக்கும் ஒரு மடல் அதில் அதிர்கிறது. ஆர்மோனியத் துருத்தி போலத்தான். அதன் உறிஞ்சுகுழல் குட்டை, ஆனால் தடித்தது, உறுதியானது. பூவில் தேன் குடிக்க அது ஏற்றதில்லை. தேன்கூட்டுக்குள் நுழைந்து, மெழுகு மூடியைக் குத்தி, நேராகத் தேனையே குடிக்கும். இதன் ஐரோப்பிய உறவுக்காரன் தேனீக்கள் சந்தேகப்படாமலிருக்கத் தன் உடம்பிலும் தேனீயின் வாசனையை ஒத்த பொருள்களை வைத்திருப்பதாக ஆராய்ந்து கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இதன் புழுவை எள் பயிரிட்டவர்கள் நிச்சயம் பார்த்திருப்பார்கள். நடுவிரலைவிடப் பெரியது, பக்கவாட்டில் சரிந்த கோடுகள், வால் முனையில் சுருண்ட கொம்பு. கத்தரியிலும் ஊமத்தையிலும் இருக்கும். கொம்பு கொட்டாது. மண்ணுக்குள் புதைந்துதான் கூட்டுப்புழுவாகும். அதனால் தோட்டத்தில் மண்வெட்டி போடும்போது பளபளவென்று ஒரு பழுப்பு நிற உருளை கிடைத்தால், மறுபடியும் மண்ணில் மூடிவிடுங்கள்.

இதே ஜெட் விமான வடிவில், ஆனால் சாம்பல் நிறத்தில், வயிற்றின் இருபுறமும் ரோஜா நிறப் பட்டைகளுடன் ஒன்று வரும். அது சர்க்கரைவள்ளி இலையைத் தின்று வளர்ந்தது. உறிஞ்சுகுழல் உடம்பைவிட நீளம். மண்டையோட்டுப் பூச்சி போலன்றி, இந்தக் குடும்பத்தில் பல பூச்சிகள் அந்தியில் பூவுக்குப் பூ தாவித் தேன் குடிப்பவை. நாம் சாப்பிடும் பப்பாளி காய்க்க, ஆண் பூவிலிருந்து பெண் பூவுக்கு மகரந்தம் கொண்டுபோகும் வேலையில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

காய்ந்த இலை, மூடிய இறக்கை, மற்றவை

கூரை போலச் சரிந்து, பழுப்பு இலை மாதிரி இருப்பது பெரும்பாலும் பழந்துளைப்பான். யூடோசிமா இனம். அசையாதவரை எந்த அழகும் இல்லை. தொட்டால் பின்னிறக்கை பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் விரியும், நடுவே கறுப்புக் குறி. துரத்த வந்த குருவி ஒரு விநாடி திகைத்தால் அதற்குப் போதும். மாதுளை, சாத்துக்குடி வைத்திருப்பவர்களுக்கு இது பிடிக்காது. ரம்பம் போன்ற உறிஞ்சுகுழலால் பழத்தில் துளை போட்டுவிடும், அந்த வழியாகப் பழம் அழுகும். புழு சீந்தில் கொடியில் வளர்வது. வேலியில் சீந்தில் ஓடுகிற வீட்டுக்கு இது வருவது இயல்பு.

இறக்கையை முதுகுக்கு மேல் மூடி உட்கார்ந்திருப்பது, அதுவும் அந்தி நேரத்தில் விளக்கடியில், மெலானிடிஸ் லீடா என்ற வண்ணத்துப்பூச்சி. பழுப்பு நிறம், பகலில் சருகுக்குள் படுத்துவிட்டு மாலையில்தான் கிளம்பும் என்பதால் எல்லோரும் இதை அந்துப்பூச்சிக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். சந்தேகம் வந்தால் உணர்கொம்பைப் பாருங்கள். நுனியில் தீக்குச்சித் தலை போல உருண்டு தடித்திருந்தால் வண்ணத்துப்பூச்சி. நூல் போலவோ இறகு போலவோ இருந்தால் அந்துப்பூச்சி. விதிவிலக்கு உண்டு என்றாலும், வீட்டுச் சுவரில் பார்ப்பதற்கு இது போதும்.

பின்னிறக்கை கறுப்பாகவும் அதில் ஒரு வெள்ளைப் பட்டையும் இருந்தால், ஆமணக்கில் வரும் காவடிப்புழுவின் தாய்ப்பூச்சி. அளவு நடுத்தரம்தான். மலையடிவாரத்தில், ஒரு கையகலத்தையும் தாண்டி, செங்கல் நிறத்தில், இறக்கையில் கண்ணாடி ஜன்னல் வைத்ததுபோல முக்கோணங்களுடன் ஒன்று வந்து உட்கார்ந்தால், அது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் அட்டகஸ் டாப்ரொபானிஸ். கறுப்பில்லை, ஆனால் அளவைப் பார்த்துப் பதறி எல்லோரும் இந்தக் கேள்வியைத்தான் கேட்பார்கள். அதற்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்காதீர்கள். வளர்ந்த பூச்சிக்குச் சாப்பிட வாயே கிடையாது. புழுவாக இருந்தபோது தின்ற இலைதான் அதன் சில நாள் ஆயுளுக்கும் சாப்பாடு. சிங்கப்பூர், மலேசியாவில் இருந்து இதைப் படிக்கிறீர்கள் என்றால், உங்கள் மாடிப்படிக்கு வருவது அநேகமாக லிஸ்ஸா சம்பா. கரும்பழுப்பு, குறுக்கே ஒரே வெள்ளைக் கோடு, பின்னிறக்கையில் வால். மே முதல் ஆகஸ்ட் வரை அதிகம் தென்படும். 2014-இல் சிங்கப்பூரில் ஏராளமாக வந்து செய்தியானது.

எல்லாவற்றுக்கும் பெயர் கண்டுபிடிக்க முடியாது. இந்தியாவில் மட்டும் அந்துப்பூச்சி வகைகள் பத்தாயிரத்தைத் தாண்டும். நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட வந்த ஜார்ஜ் ஹாம்ப்சன் என்ற ஆங்கிலேயர் இவற்றில் மனம் பறிகொடுத்து, 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகளாகப் பட்டியல் எழுதி வெளியிட்டார். அதற்குப் பிறகும் புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கின்றன. உங்களுக்குப் பெயர் வேண்டுமென்றால் நேர் மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், பக்கத்தில் தீப்பெட்டியோ ஸ்கேலோ வைத்து ஒரு படம் எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், நிறத்தைக் கெடுத்துவிடும். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போட்டால் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்வார்கள். ஊரையும் தேதியையும் மறக்காமல் சேருங்கள். போர்ட்டிகோவில் காலையில் வெறும் இறக்கை மட்டும் உதிர்ந்து கிடந்தால், கூட்டித் தள்ளிவிடாதீர்கள். இரவில் ஒரு வௌவால் அங்கே தொங்கிக்கொண்டு உடம்பைத் தின்றிருக்கிறது. பின்னிறக்கையை யாரையும் தொந்தரவு செய்யாமல் நிதானமாகப் பார்க்க அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. நான் பாதி அடையாளங்களைக் கற்றது அப்படித்தான்.

விஷமா? எப்படி வெளியே விடுவது?

கடிக்காது, கொட்டாது. கடிக்கப் பல்லும் இல்லை, கொட்டக் கொடுக்கும் இல்லை. கையில் ஒட்டும் பொடி கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று எங்கள் வீட்டிலும் சொல்லித்தான் வளர்த்தார்கள். அது விஷப்பொடி இல்லை, இறக்கையைப் போர்த்தியிருக்கும் நுண்ணிய செதில்கள். அந்தக் கண், மண்டையோடு, கோடு எல்லாமே அந்தச் செதில்களை அடுக்கி வரைந்ததுதான். தூசி விழுந்தால் கண் உறுத்துவதுபோல உறுத்தலாம், சிலருக்குத் தும்மல் வரலாம். கையைக் கழுவினால் சரி. உடம்பில் பட்டால் அரிப்பெடுக்கும் கம்பளிப்பூச்சி வேறு சங்கதி, அதை இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது என்றால் காரணம் உங்கள் விளக்கு. வெளிச்சத்தின் மேல் ஆசைப்பட்டு விட்டில் விழுகிறது என்று காலங்காலமாகச் சொல்கிறோம். 2024-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், வேகமான கேமராக்களால் படம் பிடித்துப் பார்த்தபோது வேறு ஒன்று தெரிந்தது. பறக்கும் பூச்சி, வெளிச்சம் எந்தப் பக்கமோ அதுதான் வானம் என்று எடுத்துக்கொண்டு முதுகை அந்தப் பக்கம் திருப்புகிறது. உண்மையான வானம் என்றால் நேராகப் பறந்துவிடும். பக்கத்தில் எரிகிற பல்பு என்றால் சாய்ந்து சாய்ந்து அதையே சுற்றும், தப்பிக்கத் தெரியாது.

எனவே துண்டை வீசித் துரத்துவதைவிட, அறை விளக்கை அணைத்து ஜன்னலைத் திறந்து வையுங்கள். பகலில் வந்து உட்கார்ந்திருந்தால் எதுவுமே செய்ய வேண்டாம், இருட்டினால் தானே போய்விடும். அவசரம் என்றால் அகலமான பிளாஸ்டிக் டப்பாவை மேலே கவிழ்த்து, அடியில் ஒரு அட்டையை மெதுவாக நுழைத்துத் தூக்குங்கள். இறக்கையைப் பிடித்துத் தூக்கினால் செதில் போய்விடும். பூச்சி மருந்து அடிக்கவே வேண்டாம்.

குளியலறையில் கீச்சிட்ட அந்த மண்டையோட்டுப் பூச்சியை அப்படித்தான் டப்பாவில் எடுத்துப் பின்வாசல் கல்லில் விட்டேன். உடனே பறக்கவில்லை. அடிபட்டுவிட்டதோ என்று பயந்தேன். பிறகு பார்த்தால், இறக்கை இரண்டும் குளிரில் நடுங்குவதுபோல அதிர ஆரம்பித்தன. பருந்து அந்துப்பூச்சிகளுக்கு மார்புத் தசை சூடேறினால்தான் பறக்க முடியும். அதற்காக இப்படி நின்ற இடத்திலேயே இறக்கையை அதிரவிட்டுச் சூடேற்றிக்கொள்ளும். அதிர்வு கூடக்கூட முன்னிறக்கை மேலே எழுந்தது, பின்னிறக்கை தெரிந்தது. அடியில் கறுப்பு, ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள். லேகெசிஸ்தான் என்று நான் வாய்விட்டுச் சொல்லி முடிப்பதற்குள் கல்லை விட்டுக் கிளம்பிவிட்டது. உள்ளேயிருந்து ஆச்சி கேட்டார், "யாருலே வந்தது?"